வசந்தாமணி குடித்த இனிப்புக் காப்பி

புதுச்சத்திரத்துச் சௌந்திரத்தை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கெட்டவள் என்றும் சொன்னதில்லை. "அவகிட்ட வெச்சுக்காதீங்க" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சிலேயே அவளைப் பற்றி முக்கால்வாசி அடங்கிவிடும். மிச்சம் கால்வாசி, அவளை அப்படி ஆக்கி வைத்தது யார் என்பது. அதைச் சொன்னால் அவளுடைய ஓரகத்தி வசந்தாமணியைச் சொல்ல வேண்டும், ஒரு பீங்கான் சாடியையும் சொல்ல வேண்டும்.

சௌந்திரத்தின் புருசன் சென்னியப்பன் காப்பிப் பைத்தியம். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, அஸ்காச் சர்க்கரையை அள்ளிப் போட்டு, டம்ளர் நிறைய நுரை தளும்பக் கொடுத்தால்தான் ஏர் பூட்டப் போவான். தொட்டியில் எருமை தண்ணீர் குடிக்கிற மாதிரி குடிப்பான் என்று சௌந்திரமே கேலி பேசுவாள். நாற்பது வயதைத் தொட்டபோது ஆள் மளமளவென்று இளைத்தான். எந்நேரமும் தாகம். குளிக்கிற பொடக்காளியில் அவன் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்த இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். அஸ்கா கூடாது, வெல்லம் கூடாது, சோறு பாதி, கிழங்கு கண்ணிலேயே படக்கூடாது. கடைசியில், பாலிலும் இனிப்பு இருக்கிறது, அதையும் குறை, காப்பியை வரக்காப்பியாகக் குடி என்றார்.

வரக்காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். "இதுக்கு வேப்பெண்ணையே குடிச்சுட்டுப் போலாம் புள்ள" என்றான். காடு கரை பார்க்கிறதில்லை, கயிற்றுக் கட்டிலில் சுருண்டுகொண்டான். ஒரு டம்ளர் காப்பிக்காக ஒரு ஆண்பிள்ளை இப்படிக் குழந்தையாட்டம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானா என்று கேட்கலாம். வைத்துக்கொண்டான். சௌந்திரத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவள் அடுப்போடு மல்லுக்கு நின்றது அப்போதுதான். தேங்காய்ப்பாலை ஊற்றிப் பார்த்தாள். காப்பியில் எண்ணெய் மிதந்தது. நிலக்கடலையை ஊறவைத்துத் தோலை உரித்து அரைத்துப் பிழிந்தாள். பச்சை வாடை குடலைப் பிடுங்கியது. அப்புறம் ஒருநாள், எருவரட்டித் தணலில் எருமைப்பாலை நெடுநேரம் சிணுங்கவிட்டு, மேலே தோசை கனத்துக்குப் படிந்த ஆடையை மட்டும் வழித்தெடுத்தாள். கீழே நின்ற பாலைத் தயிருக்கு உறை ஊற்றினாள். ஆடையோடு முற்றின தேங்காயின் முதல் பாலைச் சேர்த்து, மத்தை மெதுவாக உருட்டினாள். வேகமாகக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு காரியம் கெட்டது. உப்பு ஒரு துளி, ஏலக்காய் ரெண்டு அரிசி. குழைந்து கெட்டியாக வந்ததைப் பீங்கான் சாடியில் வழித்து, ஈர மணலில் புதைத்து வைத்தாள். அதையும் காப்பியில் ஊற்றியதும் திரிந்துதான் போனது. கொட்டிக் கொட்டிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. இதைக் கொண்டுபோய்க் காப்பியில் ஊற்றக் கூடாது. இதை டம்ளரில் எடுத்துக்கொண்டு, காப்பியைச் சொட்டுச் சொட்டாக இதன்மேல் விட வேண்டும். அப்படி விட்டால் திரியவில்லை. இனிப்பு இல்லாவிட்டாலும் ஏலக்காய் வாசம் நாக்கை ஏமாற்றியது. சென்னியப்பன் குடித்தான், மீசையைத் துடைத்தான், சத்தமில்லாமல் எழுந்து காட்டுக்குப் போனான். சௌந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுகொண்டாள்.

ஆடைப்பால் என்று அதற்குப் பேர் வைத்தது மகள் சரசாள். மத்துப் பிடிக்கிற பக்குவம் அம்மாவை விட அவளுக்கு நன்றாக வந்தது. பதினெட்டு வயது, நல்ல நிறம், குனிந்த தலை நிமிராத பெண் இல்லை, வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு எழுபத்தைந்தாம் வருசம் ஓமலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் காப்பிதான் தீர்ப்பு. பெண் பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், வைத்த காப்பியைக் குடிப்பார்கள். பிடிக்கவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. டம்ளரைத் தொடாமல் எழுந்து போவார்கள். பையனின் தாயார் ராஜம்மாளுக்குச் சரசாளைக் கண்டதும் பிடித்துப்போனது, முகத்திலேயே தெரிந்தது. காப்பியை ஆற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, பெண் வீட்டு அடுப்படியை ஒரு பார்வை பார்க்கலாமென்று உள்ளே வந்தாள்.

அடுப்படியில் வசந்தாமணி நின்றிருந்தாள். சென்னியப்பனின் அண்ணன் சுப்பையனின் பெண்டாட்டி. ஒரே வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்தவர்கள், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள், பின்னால் பொடக்காளி மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. அவளுக்கும் கல்யாண வயதில் ருக்குமணி என்று ஒரு பெண் இருந்தாள். ஓமலூர்க்காரர்களின் தோட்டத்தையும் லாரியையும் பற்றி அவளும் விசாரித்து வைத்திருந்தாள் என்பது சௌந்திரத்துக்குத் தெரியாது.

"இதென்னுங்க, மணல்ல சாடி?" என்று கேட்டாள் ராஜம்மாள்.

சௌந்திரம் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி முந்திக்கொண்டாள். "அதுங்களா? சக்கரை சேராத மனுசனுக்குக் காப்பியில ஊத்தறதுங்க. கொழுந்தனாருக்குச் சக்கரை நோவு. ரத்தத்துலயே இருக்குதாமா, புள்ளைகளுக்கும் வருமாமா. பாவம், சௌந்திரம் என்ன பண்ணுவா?" என்று பரிதாபப்பட்டாள். பரிதாபப்படுகிற குரலில் கழுத்தை அறுப்பது எல்லாருக்கும் வராது. அவளுக்கு வந்தது.

கூடத்தில் காப்பி வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே ஏடு படிந்தது, ஈ உட்கார்ந்தது. "போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்து போனார்கள். அடுத்த மாசமே அந்த ராஜம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ருக்குமணி கையால் காப்பி வாங்கிக் குடித்தாள். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே என்று அந்தம்மாள் யோசிக்கவில்லையா என்றால், யோசிக்க விடாமல் வசந்தாமணி சத்தியம் செய்திருந்தாள். "எங்க ஊட்டுல யாருக்கும் ஒரு நோவும் இல்லீங்க. அதெல்லாம் அவ ஆக்கிப் போட்டதுல வந்தது." அங்கே ரத்தம், இங்கே ஆக்கிப் போட்டது. அவளுக்கு எது தோதோ அது.

சக்கரைக்காரன் மகள் என்ற பேச்சு ஓமலூரோடு நிற்கவில்லை. ரெண்டு வருசம் ஒருத்தரும் படியேறவில்லை. கடைசியில் ஆத்தூருக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டி செத்துப்போன ஒருத்தருக்குச் சரசாளைக் கொடுத்தார்கள். வயது கூட, கையில் ஒரு குழந்தை வேறு. வருசத்துக்கு ஒருமுறை வந்து போவாள். நீளமாக இருந்த வாய் குறுகிப்போயிருந்தது. அவள் பஸ் ஏறிப் போனதும் சௌந்திரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் ருக்குமணியின் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்கும். "இரு" என்பாள் சுவரைப் பார்த்து. ஓரகத்தியோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனாள், வந்தாள். உள்ளே மட்டும் உமித்தீ கணகணவென்று கிடந்தது.

எண்பத்திரண்டு வாக்கில் ஒருநாள் காலையில் பொடக்காளியைக் கழுவப் போனவள் அப்படியே நின்றாள். மூலையில் எறும்பு மொய்த்திருந்தது. சென்னியப்பன் அப்போது மகளைப் பார்க்க ஆத்தூர் போயிருந்தான். சுப்பையன் காட்டில் போட்ட சாளைக் குடிசையிலேயே படுக்கிறவன். அந்தப் பக்கம் இருந்தது வசந்தாமணி ஒருத்திதான். சௌந்திரம் கையில் சொம்போடு அந்த எறும்புகளை நெடுநேரம் பார்த்தாள். கோயிலில் சாமியைப் பார்க்கிறவள்கூட அத்தனை பக்தியாகப் பார்த்திருக்க மாட்டாள். கழுவாமலே திரும்பி வந்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை, காத்திருந்தாள். வசந்தாமணியின் கன்னம் ஒட்டியது, ரவிக்கை தொளதொளத்தது. நாமக்கல்லுக்குப் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று சேலத்துக்குப் போய் மாத்திரை வாங்கி, வெற்றிலைச் சுருக்குப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டாள். மருமகனுக்கும் சம்பந்திக்கும் தெரிந்தால் செய்த சத்தியம் சந்தி சிரிக்கும். கடைசியில் வேறு வழியில்லாமல் பொடக்காளி வழியாக வந்து நின்றாள்.

"சௌந்திரம், வரக்காப்பி தொண்டைல எறங்கவே மாட்டேங்குது. உம்பட ஆடைப்பாலு கொஞ்சம் குடு சாமி. நானும் பண்ணிப் பாத்தேன், திரிஞ்சு திரிஞ்சு போவுது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

"அதுக்கென்னுங்கக்கா? தாராளமா வாங்க. ஆனா தூக்கிட்டுப் போனா கெட்டுப்போகுமுங்க. இங்கயே குடிச்சுட்டுப் போங்க" என்றாள் சௌந்திரம். கெடாது. ஈர மணலில் வைத்தால் ரெண்டு நாள் அசையாமல் இருக்கும். ஆனாலும் அவள் வர வேண்டும். தினமும் பின்கதவு வழியாக, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, அந்தச் சாடி இருந்த அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, கை நீட்டி வாங்கிக் குடிக்க வேண்டும். சௌந்திரம் முதுகைக் காட்டி நின்றுதான் காப்பியைக் கலப்பாள், பக்குவம் தெரிந்துவிடக் கூடாது. ரெண்டு வருசம் இது நடந்தது. ஒவ்வொரு நாளும் சௌந்திரத்துக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. ஆனால் போதவில்லை.

எண்பத்துநான்கு மாரியாத்தா நோம்பிக்கு ராஜம்மாள் மருமகள், பேரன் சகிதமாக ஓமலூரிலிருந்து வந்தாள். சௌந்திரம் சுவரைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய் அழைத்தாள்.

"பங்காளி ஊட்டுல ஒருவாட்டியாச்சும் கை நனைக்காட்டி நல்லா இருக்குமுங்களா? காலைல காப்பிக்கு வாங்க. அக்காவெயும் கூட்டிட்டு வாங்க."

பழைய கூச்சத்தில் ராஜம்மாளுக்கு மறுக்க வாய் வரவில்லை. மறுநாள் ரெண்டு பேரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். சௌந்திரம் ஆடைப்பாலில் காப்பியை விட்டு, கமகமவென்று கொண்டுவந்து வைத்தாள். கூடவே அஸ்கா டப்பாவும் கரண்டியும். ராஜம்மாளுக்கு ஒரு கரண்டி போட்டாள். வசந்தாமணியின் டம்ளருக்கு மேல் அஸ்கா குவிந்த கரண்டியைப் பிடித்தபடி சிரித்தாள்.

"அக்காவுக்கு ஒரு நோவும் இல்லீங்க. நல்லா இனிப்பாக் குடிப்பாங்க."

ஒன்று போட்டாள். ரெண்டு போட்டாள். வசந்தாமணியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதையும் போட்டுக் கலக்கினாள். வசந்தாமணி சம்பந்தியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். "குடிங்க சம்மந்தி, ஆறுது" என்றாள் ராஜம்மாள். குடித்தாள். பாகு மாதிரி இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"இப்பிடியொரு காப்பி சேலத்துல எந்தக் கடைலயும் நான் குடிச்சதில்ல" என்றாள் ராஜம்மாள். "நோம்பி முடியற வரைக்கும் எனக்குக் காப்பி இங்கதான்."

சௌந்திரம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அன்று பொழுதுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் ஓயவில்லை. வசந்தாமணி கிறுகிறுப்பு என்று படுத்துவிட்டாளாம். கேட்கக் கேட்கச் சௌந்திரத்துக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. சென்னியப்பன்தான் பொறுக்காமல் வந்து நின்றான்.

"வேண்டாம் புள்ள. அது அவிங்களுக்கு விசம். செத்துக் கித்துப் போயிட்டா?"

"நானா குடிக்கச் சொன்னேன்? முடியாதுன்னு சொல்லட்டும். வாயில்லையா அவளுக்கு? எம்பட புள்ளையெப் பத்திச் சொல்லறப்ப இருந்துதே!"

அவன் கட்டுத்தரைப் பக்கம் நடையைக் கட்டினான். அவள் முகத்தைப் பார்த்து ஏர்மாடே ஒதுங்கிப் போயிருக்கும்.

மறுநாளும் வந்தார்கள். அன்றைக்கும் மூன்று கரண்டி. டம்ளரை வாங்கும்போது பார்த்தால் வசந்தாமணியின் உதடு வறண்டு வெடித்திருந்தது. பாவம் என்று ஒரு நிமிசம் தோன்றியது சௌந்திரத்துக்கு. ஆத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே போகிற சரசாளின் முகத்தை நினைத்துக்கொண்டாள். பாவம் போய்விட்டது.

அதற்கும் மறுநாள் கிடா வெட்டு. காலையில் வசந்தாமணியை ராஜம்மாள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். "நோம்பி வேலை, ஓஞ்சு போயிட்டாங்க. சூடா ஒரு காப்பி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றாள். சௌந்திரம் டம்ளரை வைத்தாள், டப்பாவைத் திறந்தாள். கரண்டி டம்ளருக்கு மேலே வந்தபோது வசந்தாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அஸ்கா தரையில் சிந்தியது.

"போடாத சௌந்திரம். என்னால முடியாது."

"ஏன் சம்மந்தி?" என்றாள் ராஜம்மாள்.

"எனக்குச் சக்கரை இருக்குதுங்க. ரொம்ப நாளா."

ராஜம்மாள் வாயைப் பிளந்தாள். சௌந்திரத்துக்கு அது போதவில்லை. கரண்டியைக் கீழே வைக்காமல், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அவ்வளவுதானுங்களாக்கா? வேற ஒண்ணும் சொல்லோணுமில்ல?"

வசந்தாமணி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னிக்கு இந்த ஊட்டு அடுப்படியில நாஞ் சொன்னதெல்லாம்... உங்க பையன எம்பட புள்ளைக்கு முடிக்கோணும்னு சொன்னதுங்க. சரசாளுக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க ஊட்டுல நோவு வராதுன்னு சத்தியம் பண்ணுனதும் பொய்யிங்க."

ராஜம்மாள் பாதி குடித்த காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனாள். உச்சி வெயிலில் மருமகளையும் பேரனையும் கிளப்பிக்கொண்டு ஓமலூருக்குப் பஸ் ஏறினாள். வெட்டிய கிடா சட்டியிலேயே ஆறியது. கிளம்பும்போது ருக்குமணி சௌந்திரத்திடம் வந்து, "சின்னம்மா, நான் என்ன பண்ணுனேன்?" என்று அழுதாள். அது சௌந்திரத்துக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவள் மகள் மட்டும் என்ன செய்திருந்தாள்? அன்றைக்குச் சௌந்திரம் வயிறார மூன்று வேளையும் சாப்பிட்டாள். இத்தனை வருசமாகச் சோறு ருசியில்லாமல் இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நோம்பி நொடிக்குக்கூட ருக்குமணியைத் தாய் வீட்டுக்கு ராஜம்மாள் அனுப்பவில்லை. வசந்தாமணி கொஞ்ச நாள் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டாமல் கிடந்தாள். அப்புறம் ஒரு காலையில் வந்தாள், முன்வாசல் வழியாக. முக்காடு இல்லை. ஊருக்கே தெரிந்தபின் யாருக்கு ஒளிக்க வேண்டும்?

"நெனச்சதெ முடிச்சுட்டயல்லோ?" என்றாள்.

"ஆமாங்க" என்றாள் சௌந்திரம்.

"சரி. நாம் பண்ணுனதுக்கு எனக்கு வேணும். ஆனா இந்த வரக்காப்பியெ என்னால குடிக்க முடியல புள்ள. உங்கையால குடுக்க வேண்டாம். அந்த ஆடைப்பாலு திரியாம எப்பிடிக் கலக்கறதுன்னு மட்டும் சொல்லு. நானே பண்ணிக்கறேன்."

சௌந்திரம் மத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அதெல்லாம் என்னெ விடச் சரசாளுக்குத்தானுங்க நல்லாத் தெரியும். ஆத்தூர் போங்க. அவ ஊட்டுக்குள்ள போயி, மூத்தவ புள்ளைக்கு அவ சோறு போடறதெப் பாத்துக்கிட்டே உக்காருங்க. அவ வெச்ச தண்ணியெக் குடிங்க. அப்பறம் கேளுங்க. அவளுக்கு இஷ்டமிருந்தாச் சொல்லுவா."

வசந்தாமணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா, பெரியம்மா என்று சுற்றிச் சுற்றி வந்த பெண்ணின் வீட்டுக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அப்படியே திரும்பிப் போனாள்.

ஐப்பசி வரை தாக்குப்பிடித்தாள். அப்புறம் ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புதுச்சத்திரம் ரோட்டோரம் சேலம் பஸ்ஸுக்கு நிற்பதைச் சௌந்திரம் மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து பார்த்தாள். சேலத்தில் இறங்கி ஆத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். லாரிகள் கிளப்பிய புழுதியில் வசந்தாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, ஏறினாள். சௌந்திரம் எருமையின் மடியைக் கழுவியபடி அந்தப் பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள்.

சரசாள் சொல்லிக் கொடுத்தாளா, கதவைச் சாத்தினாளா என்று சௌந்திரம் மகளிடம் ஒருநாளும் கேட்கவில்லை.